பொரிக்குப் பயம், பையனுக்கும் பயம்

கேள்வி: டாக்டர், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பிறந்தநாளுக்கு வெள்ளை எலிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஆறு வாரம் ஆகிறது. "பொரி" என்று பெயர் வைத்திருக்கிறான். "ஊரெல்லாம் எலிக்குப் பொறி வைப்பாங்க, இவன் எலிக்கே பொரின்னு பேர் வெச்சிருக்கான்" என்று என் மாமியார் தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுகிறார். பழைய கிளிக்கூண்டில் மரத்தூள் போட்டு, ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். பகலெல்லாம் கொட்டாங்குச்சிக்குள் சுருண்டு கிடக்கிறது. பையன் பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டதும் எடுத்துக் கொஞ்சப் போவான். இரண்டு முறை கடித்துவிட்டது, போன வாரம் ரத்தமே வந்தது. வாலைப் பிடித்துத் தூக்கச் சொன்னார் கடைக்காரர், அதற்கும் திமிறுகிறது. இப்போது அவன் பைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கூண்டைத் திறக்கிறான். கண்ணோரம் ரத்தம் போலச் சிவப்பாக வேறு வடிகிறது. சமையலறையில் எலி விரட்டும் மெஷின் மாட்டியிருப்பதால் வெளி எலித் தொல்லை இல்லை. இதைப் பழக்க முடியுமா, இல்லை திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன் எழுந்து போய் அந்த மெஷினைப் பிடுங்கி வைத்துவிட்டு வாருங்கள்.

நம் காதுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். எலிக்கு 80 ஆயிரம் வரை கேட்கும். அந்த மெஷின் நமக்குக் கேட்காத உயரத்தில் கத்திக்கொண்டே இருக்கிறது. வெளி எலி பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், கொஞ்ச நாளில் பழகிக்கொள்ளவும் செய்யும். கூண்டில் இருப்பது எங்கே போகும்? காசு கொடுத்து ஒன்றை வாங்கி வந்து, அதையே இரவு பகலாக விரட்டிக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள். தெரியாமல்தான். உங்கள் கடிதத்தில் கடைசி வரிக்கு முன்னால் சாதாரணமாக எழுதியிருந்த இந்த ஒரு விஷயம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. இதை நிறுத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நிறுத்தாமல் மற்ற எதைச் செய்தும் பயன் இருக்காது.

அடுத்தது ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் கூண்டு அதிரும், சூடும் ஏறும். கூண்டை ஹாலில், சுவரோரமாக, உங்கள் நெஞ்சு உயரத்தில் ஒரு மேசைக்கு மாற்றுங்கள். மரத்தூளைக் கொட்டிவிட்டு, கிழித்த செய்தித்தாளையோ பழைய பருத்தித் துணியையோ விரியுங்கள். தூசு எலியின் மூச்சுக்கு ஆகாது. கிளிக்கூண்டின் அடியில் கம்பித் தளம் இருந்தால் அதன் மேலும் துணி போட வேண்டும், இல்லாவிட்டால் பாதத்தில் புண் வரும்.

இனி கடிக்கு வருகிறேன். உங்கள் மகன் பள்ளி விட்டு வந்து "சாப்பிட்டதும்" எடுக்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் குழம்பு வாசனை விரலில் மாலை வரை இருக்கும், நமக்கே தெரியும். எலிக்குப் பார்வை மட்டம். அதிலும் சிவப்புக் கண் வெள்ளை எலிக்கு இன்னும் மட்டம், எதிரே இருப்பது மங்கலாகத்தான் தெரியும். பொரி ஒரு இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். வலிப்பு ஏதும் இல்லை, தூரத்தைக் கணக்குப் போடுகிறது. அது உலகத்தைத் தெரிந்துகொள்வது மூக்காலும் மீசையாலும்தான். கருவாட்டு வாசனையோடு கூண்டுக்குள் ஏதோ நுழைந்தால் அதற்கு அது கருவாடுதான். கையா, விரலா என்று பார்த்துச் சொல்ல அதனால் முடியாது. ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இரண்டு முறையும் கடிபட்டது வலது கைதானா? ஆமாம் என்றால் பாதி வழக்கு முடிந்தது. கூண்டைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் வாசனை இல்லாத சோப்பால் முழங்கை வரை கழுவட்டும்.

மீதிப் பாதி, கை வரும் திசை. எலியின் ஆயுசில் மேலிருந்து வருவது எல்லாமே எமன்தான். பருந்து, ஆந்தை, பூனையின் பாதம். எத்தனை தலைமுறை கூண்டில் வளர்ந்தாலும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை. உங்கள் பையனின் அன்பு மேலிருந்து இறங்கி முதுகைப் பிடிக்கிறது. அதுவும் மாலை நான்கு மணிக்கு, எலிக்கு அது நடுச்சாமம். தூங்குகிற ஆளைக் கூரையைப் பிய்த்துத் தூக்கினால் நீங்களும் நானும்கூடக் கடிப்போம்.

வாலைப் பற்றி ஒரு பழைய கதை சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தபோது ஆய்வகத்தில் எலியை வாலின் அடிப்பகுதியில் பிடித்து ஒரு நொடியில் இடம் மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அவசரம், நுனிப்பக்கம் பிடித்துவிட்டேன். எலி திரும்பித் துள்ளியது. அது தப்பிப் போன பிறகும் என் விரலிடுக்கில் ஏதோ இருந்தது. வாலின் தோல், உறை கழன்ற மாதிரி முழுசாக. அந்த எலியின் வால் நுனி சிவந்த நூல்போலத் தெரிந்தது. மீண்டும் தோல் வளராது, அந்தத் துண்டு காய்ந்து விழுந்துவிடும் அல்லது வெட்டி எடுக்க வேண்டும். கடைக்காரர் சொன்னதை இன்றோடு மறந்துவிடுங்கள். வால் எலிக்குச் சமநிலை தருவது, உடம்புச் சூட்டை வெளியே விடுவதும் அதன் வழியாகத்தான். கைப்பிடிக்காக வைத்தது இல்லை.

கையுறையும் வேண்டாம். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பது அதற்குள்ளிருந்து தெரியாது. அதைவிட முக்கியம், பையனின் வாசனையை எலி படிக்கவே முடியாது. இப்போது பொரி பழகுவது பையனோடா, பெட்ரோல் வாசனை அடிக்கும் தோல் உறையோடா என்று யோசியுங்கள்.

முதல் வாரம் கூண்டுக்குள் கையே போகக் கூடாது, தண்ணீரும் தீனியும் வைக்க மட்டும் போகலாம். பையன் ஒரு நாள் உடுத்திய பனியனில் உள்ளங்கை அகலம் கிழித்து, கொட்டாங்குச்சிக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். துவைக்கக் கூடாது. இரண்டே நாளில் பொரி அதை இழுத்துக்கொண்டு போய்த் தன் படுக்கையில் சேர்த்திருக்கும். அப்படிச் சேர்த்தால் அதுவே நல்ல சகுனம். இரவு ஏழரை, எட்டு மணிக்கு எலி எழுந்து உலாவும் நேரத்தில் பையன் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கட்டும், வாய்விட்டு. சமூக அறிவியலை எலிக்கு ஒப்பித்தால் உங்களுக்கும் லாபம். சத்தம், முகம், வாசனை மூன்றும் சேர்ந்து "இந்த ஆள் வந்தால் ஒன்றும் ஆவதில்லை" என்பது அதற்குப் பதிய வேண்டும்.

கொட்டாங்குச்சிக்குள் மட்டும் என்றைக்கும் கை விடக் கூடாது. ஒளிந்துகொள்ள ஒரு இடம் உறுதியாக இருந்தால்தான் அது வெளியே வரத் துணியும். அங்கிருந்தே பிடித்து இழுத்துவிட்டால், அது நம்பக்கூடிய கடைசி இடமும் போச்சு.

இரண்டாம் வாரம் கரண்டி. நீளக் காம்புள்ள தேக்கரண்டியில் புளிக்காத தயிர் கொஞ்சம். ஏன் தயிர், பேருக்கேற்ற மாதிரி பொரி கொடுத்தால் என்ன என்று பையன் கேட்பான். பொரியைக் கொடுத்தால் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும், ஓடிப்போய்த்தான் தின்னும். தயிரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நின்று நக்க வேண்டும், நக்கும் நேரம் முழுக்க பையனின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நாளுக்கு நாள் காம்பை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள், கை அருகே வரட்டும். பிறகு கரண்டியை விட்டுவிட்டு, விரல்களைச் சேர்த்து விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கலாம். விரல் நுனியில் வேண்டாம். கம்பி இடுக்கு வழியாக எதையும் ஊட்டவே வேண்டாம், "கம்பிக்கு நடுவே நீட்டுவதெல்லாம் தின்பதற்கே" என்று ஒரு முறை பாடம் படித்துவிட்டால் அதை மறக்கடிப்பது பெரும்பாடு. பால்கோவா, கடலை மிட்டாய் பாகு மாதிரி ஒட்டுகிற பொருள்களும் ஆகாது. எலிக்கு வாந்தி எடுக்க வராது. தொண்டையில் ஒட்டினால் திணறும்.

அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் மகனுக்குக் கஷ்டமான கட்டம், ஏனென்றால் அவன் எதுவுமே செய்யக் கூடாது. கூண்டுக் கதவைத் திறந்து, கையைத் தளத்தில் மல்லாத்தி வைத்து, வேறு எங்காவது பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். தீனி இல்லாமல். முதலில் பொரி தூரத்தில் நின்று மூக்கை ஆட்டும். உடம்பு பின்னால் இருக்க, கழுத்தை மட்டும் ரப்பர் மாதிரி நீட்டும். மீசை விரலில் படும், சிலந்தி நடப்பது போலக் கூசும். பிறகு பல்லால் லேசாகப் பிடித்துப் பார்க்கும். இது கடி இல்லை, தட்டிப் பார்ப்பது. தேங்காய் வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோமே, அது மாதிரி. இங்கே கையை வெடுக்கென்று இழுத்தால் எலிக்கும் திடுக்கென்றாகி, நிஜமாகவே கடிக்கும். நிறையக் கடிகள் இப்படித்தான் நடக்கின்றன. கையை அசைக்காமல் மெல்லிசாக "ஆ" என்று சொன்னால் போதும். குட்டிகள் விளையாட்டில் வலித்தால் அப்படித்தான் கீச்சிடும், அந்தப் பாஷை அதற்குப் புரியும். உங்கள் மகனுக்கு இப்போது பயம் இருப்பதால், முதல் நான்கைந்து நாள் நீங்களோ அவன் அப்பாவோ கையை வைத்துக் காட்டுங்கள். பயந்த பையனைக் கட்டாயப்படுத்தினால் அவன் கை நடுங்கும், நடுங்கும் கை எலிக்கு நல்ல செய்தி இல்லை.

ஒரு நாள் அதுவே முன்னங்கால் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஏறும். அன்றைக்கே தூக்கிவிடாதீர்கள். ஏறி இறங்கிப் போகட்டும், ஐந்தாறு நாள். தூக்கும்போது இரண்டு கையையும் பக்கவாட்டில் கொண்டுபோய், வயிற்றுக்கு அடியில் தண்ணீர் அள்ளுவதுபோல அள்ளி, உடனே நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எலிக்கு அந்தரத்தில் தொங்குவது பிடிக்காது. பிறகு கட்டில் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, பையன் முழுக்கைச் சட்டையோடு உட்காரட்டும், இருபது நிமிடம். சட்டைக் கைக்குள் நுழையும், தோளில் ஏறும், நடந்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடும். அது அடையாளம் போடுவது, அடித்துத் திருத்த முடியாது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பத்து நாளில் தோளில் ஏறியதும் உண்டு, இரண்டு மாதம் ஆனதும் உண்டு. ஏற்கெனவே வால் பிடித்துத் தூக்கப்பட்ட எலி, கொஞ்சம் கூடவே பிடிக்கும். வெளிநாட்டில் எலி வளர்ப்பவர்கள் சிலர், விருப்பம் பார்க்காமல் தினமும் கையில் எடுத்து இருபது நிமிடம் வைத்திருந்தால் தானாகப் பழகும் என்பார்கள். நல்ல கையில் பிறந்து வளர்ந்த குட்டியிடம் அது பலிக்கலாம். பொரியிடம் செய்யாதீர்கள்.

கண்ணில் வடிவது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருள். ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சின் மேல் ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஒளிரும். விளக்கைக் கண்ணில் அடிக்க வேண்டாம். பயமோ நோயோ அதிகமானால் இது கூடும். மெஷினை நிறுத்தி, இடத்தை மாற்றிப் பத்து நாளில் குறைந்தால் பயம்தான் காரணம். குறையாவிட்டாலோ, அதன் மூச்சில் கிர்கிர் என்ற சத்தம் வந்தாலோ, தும்மல் விடாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ப்பு எலிகளுக்கு நுரையீரல் நோய் சர்வசாதாரணம், மருந்துக்கு அடங்கும். எலி பார்க்கும் டாக்டரா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பையனின் காயத்தைப் பற்றி. இனி கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், டி.டி. ஊசி எப்போது போட்டது என்று பார்ப்பார். போன வாரக் கடிக்கு இதுவரை காட்டவில்லை என்றால் இப்போதே காட்டுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தோலில் சிவப்புப் புள்ளி ஏதாவது வந்தால் "எலி கடித்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது. எலிக்காய்ச்சல் பயம் உங்கள் மாமியாருக்கு இருக்கும், நியாயம்தான். அது பெரும்பாலும் வெளி எலியின் மூத்திரத்திலிருந்து வருவது. கூண்டுப் பக்கம் வெளி எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் போனால் வெளி எலி வருமே என்றால், சமையலறைத் தொட்டிக் குழாய் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். எலி கேக் மட்டும் வேண்டாம், பொரி வெளியே உலாவும் வீட்டில் அது வினை.

திருச்சி வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலிக்கு நம்மைப்போல வியர்க்காது. ஏப்ரல், மே மதியத்தில் நீட்டிப் படுத்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. சின்ன மண் பானையை நனைத்துப் படுக்க வைத்து உள்ளே விட்டுப் பாருங்கள், கொட்டாங்குச்சியை மறந்துவிடும். ஒரு டைல்ஸ் துண்டும் போட்டு வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பொரி தனியாக இருக்கிறது. எலி கூட்டத்தில் வாழும் ஜீவன், ஒன்றன் மேல் ஒன்று படுத்துத்தான் தூங்கும். 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு எலியைச் சின்னக் குழாயில் அடைத்துவைத்தபோது, கூட இருந்த எலி தானே கற்றுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு பெட்டியில் சாக்லேட் இருந்தபோதும் தோழனைத் திறந்துவிட்டது, சாக்லேட்டையும் பெரும்பாலும் பங்கு போட்டது. உங்கள் மகன் பள்ளியில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குப் பொரிக்கு யார் இருக்கிறார்கள்? பொரி கொஞ்சம் பழகியதும் அதே பாலினத்தில் இன்னொன்று வாங்குங்கள். ஆண் எலி என்றால் வாலுக்கு அடியில் விதைப்பை பளிச்சென்று தெரியும், சந்தேகமே வராது. பெண் என்றால், ஆறு வாரமாகக் குட்டி போடாததால் கடையில் சினைப்படவில்லை என்று தெரிகிறது, எலியின் சினைக்காலம் மூன்று வாரம்தான். புதிதாக வரும் பெண்ணுக்கு அந்த உத்தரவாதம் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, இரண்டுக்கும் புதிதான ஒரு இடத்தில் சந்திக்க வையுங்கள். கொஞ்சம் உருண்டு புரளும், கீச்சிடும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்து வையுங்கள்.

எலியின் ஆயுசு இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். பையனிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பொரி இருக்காது.

பழகிய பிறகு அவன் கிச்சுகிச்சு மூட்டி விளையாடலாம். ஜாக் பாங்செப் என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி 1990-களின் கடைசியில் எலியின் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டினார். அவை 50 ஆயிரம் ஹெர்ட்ஸில் சத்தம் போட்டு, இன்னும் வேண்டும் என்று அவர் கையைத் துரத்தின. 2019-ல் பெர்லினில் எலிகளோடு கண்ணாமூச்சியே ஆடிப் பார்த்தார்கள், ஒளியவும் தேடவும் இரண்டையும் கற்றுக்கொண்டன. பொரி சிரித்தாலும் உங்கள் காதுக்குக் கேட்காது. கேட்பது வேறொன்று. போன வருடம் ஒரு கல்லூரி மாணவி தன் எலியை ஷூ பெட்டியில் போட்டுக்கொண்டு பதறி ஓடி வந்தாள், "கண்ணு ரெண்டும் வெளிய வந்து துடிக்குது சார்" என்று. மேசையில் துண்டு விரித்து விட்டேன். அது அவள் முழங்கையில் தாடையை வைத்து, பல்லை நறநறவென்று மெல்ல அரைத்துக்கொண்டிருந்தது. தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால் அரைக்கும் வேகத்தில் கண் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். வலியிலும் எலி பல் அரைக்கும், ஆனால் அப்போது முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து உட்காரும். இது தளர்ந்து கிடந்தது. பூனை சுகத்தில் குர்குர் என்பது மாதிரி அம்மா, சந்தோஷம் என்றேன். ஃபீஸ் வாங்கவில்லை.

கடைசியாக உங்கள் மாமியார். அவரை ஹாலை விட்டு விரட்ட வேண்டாம். மதியமோ இரவோ தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்கிற பழக்கம் அவருக்கு இருந்தால் அப்படியே இருக்கட்டும், பொரி வெளியே உலாவும் நேரத்திலும். எலியைக் கண்டுகொள்ளாமல், கையை நீட்டாமல், ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் ஒரே ஆள் உங்கள் வீட்டில் அவர்தான். நான் பார்த்த வீடுகளில் எலி முதலில் போய் ஏறுவது இப்படிப்பட்டவர்கள் மடியில்தான். அன்றைக்கு அத்தை அலறாமல் இருக்க வேண்டும், அதற்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு முருங்கை இலையை அவர் பக்கத்தில் போட்டாலும் தப்பில்லை.